கொலுசில் கூட்டிய இரண்டு கண்ணி

கள்ளிக்குப்பத்தில் வரலட்சுமி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. லேத்துப் பட்டறை குணசேகரன் வீடு என்று கேளுங்கள், ரேஷன் கடைக்காரரே கூட வந்து காட்டிவிட்டுப் போவார். அந்தக் குணசேகரன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாலு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்க நுழைந்தேன். இன்றைக்கு அதே எஸ்டேட்டில் எனக்கு மூன்று லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் இருக்கின்றன. ஏழு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். இதைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு.

எங்கள் நகர் நலச் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. நம்ம பகுதியில் அடிமட்டத்தில் இருந்து மேலே வந்த ஒருத்தரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். என்னைத்தான் மனதில் வைத்துக் கேட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் என் கதையை நானே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விட்டது என் வீட்டுக்காரி கதைதான். அதை எழுதுகிறேன்.

வரலட்சுமி என் அத்தை மகள். ஊர் நெமிலிச்சேரி. எட்டாவது வரைக்கும் படித்தவள், அதாவது என்னைவிட மூன்று வகுப்பு மேலே. எழுபத்தொன்பதில் எங்களுக்குக் கல்யாணம். எண்பத்திரண்டில் பெண் பிறந்தாள். குலதெய்வத்தின் பெயரைச் சேர்த்து சாமுண்டீஸ்வரி என்று வைத்தோம், கூப்பிடுவது ஈஸ்வரி. எண்பத்தைந்தில், பழைய லேத்து ஒன்றை வாங்கிப் போட்டுச் சொந்தப் பட்டறை ஆரம்பித்தேன்.

அந்த நாட்களில் மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வருவாள். குழந்தை இடுப்பில் இருக்கும். மெஷினை நிறுத்திவிட்டு மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள். அது என்ன, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் கடைந்து வைத்திருந்த ஷாப்டை, உருண்டை இரும்புத் தண்டு அது, கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது அளவு சரியாக் கீதான்னு உனக்கு எப்டித் தெரியும் மாமா?"

ரிங் கேஜை எடுத்துக் கொடுத்தேன். வளையல் மாதிரி இருக்கும், கெட்டி எஃகு. அதை ஷாப்டில் போட்டுப் பார்க்க வேண்டும். "தானாப் போச்சுன்னா பாஸு. முட்டிக்கினு நின்னா சைஸு ஜாஸ்தி" என்றேன். நாலைந்து ஷாப்டில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். முட்டி நின்ற ஒன்றைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்து, இத்த மறுபடி பாரு என்றாள். சிரித்தேன். அவள் சரியாகத்தான் எடுத்து வைத்திருந்தாள்.

எண்பத்தாறு ஆயுத பூஜை. பட்டறைக்கு இரண்டாவது லேத்து வந்திருந்த சமயம். மாலை, பூசணிக்காய், பொரி, அவல் என்று எஸ்டேட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி பூஜை போட்டேன். ஈஸ்வரிக்குப் பட்டுப் பாவாடை. கன்னமெல்லாம் புசுபுசுவென்று இருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். குணசேகரன் சம்பாத்தியம் பிள்ளை கன்னத்திலேயே தெரியுது என்று ஒருத்தர் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு ஒரு வாரம் இனித்தது.

வரலட்சுமி மட்டும் நாலைந்து நாளாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "காலைல எழுந்தா பாப்பா கண்ணு வீங்கிக்கினு கீது மாமா. ஒண்ணுக்கும் சரியாப் போ மாட்டேங்குது."

"நல்லாத் துன்னுட்டுத் தூங்குது, வீங்காம இன்னா பண்ணும்? ஊருகாரன் கண்ணு வெக்கிறது பத்தாதுன்னு பெத்தவளும் கண்ணு வெக்காத" என்றேன்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் ஈஸ்வரியின் கொலுசு இறுக்குகிறது என்றாள். நான் என்ன செய்தேன்? குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் வெள்ளிக் கடைக்குப் போனேன். இரண்டு கொலுசிலும் இரண்டிரண்டு கண்ணி கூட்டச் சொன்னேன். என் பெண்ணுக்குச் சதை போட்டுவிட்டது, கொலுசு பற்றவில்லை என்று கடையில் இருந்தவர்கள் காது கேட்கச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரமே கூட்டிய கண்ணியும் போதவில்லை. காலையில் குழந்தைக்குக் கண்ணே திறக்கவில்லை. வயிறு உப்பிவிட்டது. அரைஞாண் கயிறு இடுப்புச் சதைக்குள் போய்ப் புதைந்துவிட்டது. ஒரு கால் கொலுசை சோப்புப் போட்டு வரலட்சுமி கழற்றிவிட்டாள். இன்னொன்று வரவில்லை. பட்டறைக் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து நான்தான் வெட்டினேன். குழந்தை கத்தியது. வரலட்சுமி காலைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் ஓட்டை விழுந்த மாதிரி உடம்பின் சத்தெல்லாம் சிறுநீரில் போகிறது, அதனால்தான் வீக்கம் என்று டாக்டரம்மா சொன்னார். குணமாகும், ஆனால் திரும்பத் திரும்ப வரும், வருஷக் கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். எத்தனை நாளாக வீக்கம் என்று கேட்டபோது, பத்து நாளுக்கு மேலே என்று வரலட்சுமி சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளாததைச் சொல்லவில்லை. அந்தத் தீபாவளி ஆஸ்பத்திரியில் போனது.

நீர் வற்றிய பிறகு பார்த்தால் குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தாள். நான் சதை என்று நினைத்தது அத்தனையும் தண்ணீர்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் குடித்தனமே மாறிப்போனது. தினமும் காலையில் குழந்தையின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சூடு காட்ட வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. பால் திரிந்த மாதிரி வந்தால் மறுபடி நோய் என்று அர்த்தம். அதை ஒரு நோட்டில் எழுத வேண்டும், மாத்திரை கொடுத்ததையும் எழுத வேண்டும். சாப்பாட்டில் உப்புச் சேர்க்கக் கூடாது. இத்தனையையும் வரலட்சுமி ஒருத்தியே எடுத்துக்கொண்டாள். குழந்தைக்கு உப்பில்லை என்றால் தனக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். நான் எஸ்டேட் மெஸ்ஸில் ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு வருவேன். உழைக்கிற உடம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவருவது நின்றுபோனது. மாமா என்று கூப்பிடுவதும் நின்றது. எதுவானாலும் குழந்தை மூலமாகத்தான் வரும். "உங்கப்பாவ சோறு துன்னச் சொல்லு." "உங்கப்பாகிட்ட மாத்திரை தீந்துபோச்சுன்னு சொல்லு." நான் சும்மா இருந்தேனா? இல்லை. மாத்திரைக்கு, பாலுக்கு, பழத்துக்கு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. எந்த அப்பன் இப்படிச் செய்வான் என்று பட்டறையில் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். அவளிடமும் கேட்டேன். செலவு பண்ணத்தான் தெரியும் என்று குழந்தையின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்.

அவள் ஒரு விஷயத்தை மட்டும் எனக்கு விட்டுக் கொடுக்கவே இல்லை. குழந்தையை என் பொறுப்பில் ஒரு மணி நேரம்கூட விடமாட்டாள். ரேஷன் வரிசைக்கும் தூக்கிக்கொண்டு போவாள், அடிபம்புக்கும் கூட்டிக்கொண்டு போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே நல்ல காய்ச்சல். நான் வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவள் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ஞானம்மாளைக் கூப்பிட்டு, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோக்கா என்றாள். ஞானம்மாள் வீட்டுக்காரர் ஆவடி டாங்கி பாக்டரியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். அந்த அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். எஸ்டேட்டில் பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் லட்ச ரூபாய் வேலையை என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். என் வீட்டில் என் பிள்ளையை நம்பி விட ஆளில்லை.

வெட்டாத அந்த ஒற்றைக் கொலுசு அடுப்பங்கரையில் ஒரு ஆணியில் தொங்கும். என் தப்பை நான் மறக்கக் கூடாதென்றுதான் அங்கே மாட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

எண்பத்தெட்டில் என் அக்கா நாகம்மா வந்தாள். ஒரே பிள்ளை, அதுவும் நோயாளிப் பிள்ளை, இன்னொன்று பெற்றுக்கொண்டால் குடும்பத்துக்கு ஒரு தைரியம் என்று வரலட்சுமியிடம் ஆரம்பித்தாள். வரலட்சுமி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இத்தப் பாக்கத் தெரியாத ஆளுக்கு இன்னொண்ணு இன்னாத்துக்கு அண்ணி?"

நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டேன். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வந்தேன். மூன்றாவது லேத்து அப்போது வாங்கியதுதான். உழைப்பு என்றார்கள் எல்லோரும். வீட்டுக்குப் போகப் பிடிக்காத உழைப்பு அது.

ஈஸ்வரி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். மாத்திரையால் முகம் உருண்டையாகிவிட்டது, கன்னத்தில் பூனை முடி முளைத்தது. பிள்ளைகள் கேலி செய்தார்கள். எண்பத்தொன்பது ஆடி மாதம், ஒரு வருஷத்துக்கு மேலாக இல்லாத வீக்கம் திரும்பி வந்தது. எழும்பூருக்கு ஓடினோம். அதே டாக்டரம்மா. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எழுதினபடி மாத்திரை கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே, யார் குறைத்தது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆம்பிளை என்றால் அவன்தான் செய்திருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ.

வரலட்சுமி முந்திக்கொண்டாள். "நான்தாம்மா கொறச்சேன். மூணு வாரமா அரை அரையாத்தான் குடுத்தேன். அவருக்குத் தெரியாது."

மூன்று வருஷம் நான் காத்திருந்த இடம் அது. நான் வாய்ப் பேச்சுக்காரன். பத்துப் பைசா சில்லறை குறைந்தாலே கண்டக்டரை ஆவடி வரைக்கும் விடமாட்டேன். என்னை எப்படியெல்லாம் பார்த்தாய், ஞானம்மாளைக் கூப்பிட்டாயே, என் அக்கா முன்னால் என்ன சொன்னாய் என்று எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். கொலுசை வெட்டிய அன்றைக்கு நான் எப்படி நின்றேனோ அப்படியே நின்றிருந்தாள்.

"டாக்டரம்மா, இனிமே எப்டிக் குடுக்கணும்னு எங்க ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க" என்றேன்.

நான் கட்டிய பட்டறையைப் பற்றி எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், என் ஆயுசில் நான் செய்த பெரிய காரியம் அந்த ஒரு வாக்கியத்தோடு வாயை மூடிக்கொண்டதுதான்.

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டு பேருக்கும் சொன்னார். எனக்குப் புரியாததை மூன்று தடவை கேட்டேன். கூச்சப்படவில்லை. வேலை தெரியாதபோது கேட்டுக் கேட்டுத்தான் லேத்தும் கற்றுக்கொண்டேன்.

பதினொரு நாள் கழித்து ரயிலில் திரும்பினோம். குழந்தை தலையை அவள் மடியிலும் காலை என் மடியிலும் போட்டுத் தூங்கினாள். வில்லிவாக்கம் தாண்டியதும் வரலட்சுமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பசங்க அவள பூசணின்னு கூப்புட்றாங்க மாமா. அழுதுகினே வருவா. அதனாலதான் கொறச்சேன்."

"தெரியும்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"ஸ்கூல் விட்ற நேரத்துக்கு எதிர் கடையில நின்னு பாப்பேன். நீ வந்ததும் போய்டுவேன்."

அம்பத்தூரில் இறங்கியபோது குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். பையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். ஆணியில் இருந்த கொலுசை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்வரியின் இடது காலில் மாட்டி, கணுக்காலைச் சுற்றி ஒரு விரலால் உருட்டினாள். தடையில்லாமல் சுற்றி வந்தது.

"தானா சுத்துச்சுன்னா வீக்கம் இல்ல. முட்டுச்சுன்னா அன்னிக்கு ஜாக்கிரதையா கீணும். டெய்லியும் பாப்பேன்" என்றாள்.

கொலுசை வாங்கிப் பார்த்தேன். நான் கூட்டிய கண்ணி இரண்டையும், முதல் தடவை ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு எடுத்துவிட்டிருக்கிறாள். அதற்கு முந்தின வருஷம், குழந்தை வளர்ந்ததற்காக அதில் ஒன்றைத் திரும்பச் சேர்த்திருக்கிறாள். மூன்று வருஷமாக என்னைக் குத்திக்காட்டத் தொங்குகிறது என்று நான் நினைத்தது, என் பட்டறை ரிங் கேஜ் செய்கிற அதே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"நீதான். பட்டறைல காட்டலியா?" என்றாள்.

தொண்ணூறு வைகாசியில் அவள் தம்பி பாஸ்கரனுக்குக் கல்யாணம். பெண் வீடு சென்னீர்குப்பம். மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவள் இவள்தான், போகாமல் இருக்க முடியாது. ஈஸ்வரிக்கு அப்போதுதான் மாத்திரையை மெதுவாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் விடாதே, சளி பிடித்தால் வீக்கம் திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கல்யாண வீட்டுச் சாப்பாடோ ஒரே உப்பும் புளியும். பெண்ணை விட்டுவிட்டுத்தான் போகப் போகிறேன் என்று வரலட்சுமி சொன்னாள்.

"யாரு பாத்துக்குவா? ஞானம்மாளா?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஏன், நீ எங்கியாவது போறியா?" என்றாள்.

இரண்டு நாள் பட்டறையை மூடினேன். ஆரம்பித்த நாளில் இருந்து அதுவரைக்கும் ஒரு நாள்கூட மூடியவன் இல்லை நான். மச்சான் கல்யாணத்துக்கே வராத மாமன் என்று பாஸ்கரன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். உப்பில்லாமல் ரசம் வைத்தேன். ஈஸ்வரி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ரசமா, மெஷினுக்கு ஊத்துற தண்ணியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அதைத்தான் சாப்பிட்டோம்.

முதல் நாள் குழாய் தெளிவு, கொலுசு தானாகச் சுற்றியது. இரண்டாம் நாள் கொலுசு முட்டியது. குழாயைச் சூடு காட்டினேன், தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி கொலுசைப் பார்த்தேன், முட்டியது. அப்புறம்தான் கவனித்தேன், வலது காலில் போட்டிருக்கிறேன். இடது காலுக்கு மாற்றினேன், சுற்றியது. பிள்ளைகளுக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்காது போல. அளவு எடுத்தால் எப்போதும் ஒரே இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று என்னிடம் வேலை பழகுகிறவர்களை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

எழுதுகிற வேலைதான் எனக்குக் கஷ்டம். யாருக்கும் தெரியப் போவதில்லை, சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஆனால் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, நடந்தது முழுவதும் எழுதினேன். வலது காலில் முட்டியது. பயமாக இருந்தது. இடது காலில் சரி. குழாய் தெளிவு.

சாயங்காலம் அவள் வந்தாள், தலை நிறையப் பூவோடு. கை கால் கழுவிவிட்டு நேராக நோட்டை எடுத்தாள். என் கோணல் எழுத்தை வாசலில் நின்று படித்தாள். இரண்டு பக்கம்தான், ஆனால் ரொம்ப நேரம் படித்தாள்.

"வலது கால்லயா போட்ட?"

"ஆமா. அப்புறம் பாத்துக்கினேன்."

நோட்டை மூடினாள். ஈஸ்வரி பக்கத்தில் கிடந்த கொலுசை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து ஆணியில் மாட்டினாள். குழந்தையின் காலில் போட்டுப் பார்க்கவில்லை. எஸ்டேட்டில் ஒருத்தர் பார்த்து முத்திரை குத்திய சாமானை இன்னொருத்தர் அளக்க மாட்டார். எனக்கு அந்த முத்திரையை அன்றைக்குத்தான் குத்தினாள். பிறகு எனக்கு எதிரில் உட்கார்ந்து, மிச்சமிருந்த என் ரசத்தை ஊற்றிச் சோறு சாப்பிட்டாள். கேவலமா கீது மாமா என்றாள். இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டாள்.

ஈஸ்வரிக்குப் பதிமூன்று வயதோடு அந்த நோய் நின்றது. இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள், வகுப்பில் முதல் மார்க். மகன் வரதன் தொண்ணூற்றிரண்டில் பிறந்தான். அதைத் தன்னுடைய யோசனை என்று நாகம்மா அக்கா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.